குளிர்ந்த பை

அடுத்த வீட்டுக் குப்பையில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஹிசனோவுக்கு அப்படி ஓர் ஆசை. அவளைக் கேட்டால் பொறுப்பு என்பாள். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற பைகள். கண்ணை மூடிக்கொண்டா போக முடியும்? எந்த வீட்டில் நூடுல்ஸிலேயே காலம் ஓடுகிறது, யார் டயட்டைக் கைவிட்டார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இந்த வாரம் காக்கை வலை அவள் முறை. காக்கைகள் கிளறாதபடி தெருமுனையில் குப்பைப் பைகள்மேல் வலையை விரித்து, வண்டி வந்துபோனதும் மடித்து வைக்க வேண்டும். இன்று புதன், பிளாஸ்டிக் நாள். வண்டி போன பிறகும் ஒரு பை மட்டும் கிடந்தது, ‘நாள் தப்பு’ என்ற சிவப்பு ஸ்டிக்கரோடு. உள்ளே எரிக்கிற குப்பை. அதற்குச் செவ்வாயும் வெள்ளியும்தான். போன புதனும் இதே கூத்துதான்.

சொந்தக்காரர் வராவிட்டால், வலை முறைக்காரர் பையைப் பிரித்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஞாயிறு கூட்டத்தில் பெயரையும் சொல்ல வேண்டும். தெருச் சங்கத் தலைவர் தோகாஷி போட்ட விதி. மற்றவர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள்; போன வாரப் பையை யாரும் பிரிக்கவே இல்லை. ஹிசனோ காலையிலிருந்தே கையுறையோடு காத்திருந்தாள்.

தோகாஷியே வந்துவிட்டார். எண்பது வயதிலும் தெருவில் முதலில் எழுபவர் அவர்தான்.

"எவன் வேலை இது? கிழமைகூடத் தெரியாத ஜென்மம்! நல்லாத் துருவிப் பாரும்மா."

"விடியக்காலையில நீங்க யாரையும் பாக்கலையா ஐயா?"

"நான் இன்னைக்கு இந்தப் பக்கமே வரலையே. எங்க வீட்டுல பிளாஸ்டிக் சேரல." சொல்லிவிட்டு வலையை உதறி மடிக்கப் போனார்.

ஹிசனோ பையைத் தூக்கினாள். ஜில்லென்றிருந்தது. குப்பை ஏன் குளிர வேண்டும்? அவிழ்த்தாள். பிழிந்து உலர்த்திய தேயிலைச் சக்கை. அடியில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம், கல் மாதிரி. பிரித்தால், உறைந்துபோன மீன் முள்.

மீன் முள்ளை ஃப்ரீசரில் வைத்திருந்து, வண்டி வரும் காலையில்தான் எடுக்க வேண்டும், நாற்றம் வராது என்று கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை கிழியக் கத்துபவர் தோகாஷி ஒருவர்தான். ஃப்ரீசர் ஐஸ்கிரீமுக்கு என்று சிரித்தது மொத்தத் தெருவும். அவளும்தான். முள்ளை உறைய வைக்கும் வீடு தெருவில் ஒன்றே ஒன்று.

ஓரக்கண்ணால் பார்த்தாள். நடிக்கிறாரா? இல்லை, வலையை மூலைக்கு மூலை சேர்த்து மடித்துக்கொண்டிருந்தார். செய்தது அவருக்கே தெரியவில்லை.

வசந்தத்தில் அவர் அடுப்பை அணைக்க மறந்தபோதே மகள் செந்தாய் நகரத்திலிருந்து வந்து சொல்லிவிட்டாள்: இன்னொரு தடவை இப்படி ஏதாவது காதில் விழுந்தால், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன் பதினோராவது மாடிக்குக் கூட்டிப்போய்விடுவாளாம். அங்கே போனால் செத்துப்போவேன் என்று அவர் தெரு முழுக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பெயர் வெளியே வந்தால் அன்று சாயங்காலமே செந்தாய்க்குப் போன் போகும். ஹிசனோவுக்குத் தன் ஆவல்மேலேயே எரிச்சலாக வந்தது.

"என்ன, ஆளு மாட்டினானா?"

"என்னோடதுதான் ஐயா."

"உன்னோடதா! வலை போடறவளே இப்படிப் பண்ணலாமா? வெட்கமா இல்ல? ஊர்க் குப்பையெல்லாம் தெரியுது, உன் குப்பை தெரியலியா?"

"புத்தி எங்கியோ போச்சு, மன்னிச்சிருங்க."

"இந்தா, எடுத்துட்டுப் போ முதல்ல." பையை வெடுக்கென்று தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். இன்னொரு கையையும் அடியில் கொடுத்துத் தொட்டுப் பார்த்தார்.

"காலையில ஃப்ரீசரைத் திறந்தேன்," என்றார் மெதுவாக. "காலியா இருந்துச்சு. ஏன்னு நினைச்சேன்."

ஹிசனோ பையை வாங்கக் கை நீட்டினாள்.

"என் பொண்ணுகிட்ட..."

"பை என்னோடதுன்னு சொன்னேன்ல? குடுங்க. ஃப்ரீசர்ல இடம் பண்றேன், ஐஸ்கிரீமைத் தின்னு தீர்த்துட்டு."

அவர் சிரிக்கவில்லை. பையைக் கொடுத்துவிட்டு, மடித்த வலையை இன்னொரு முறை மடித்தார்.

வெள்ளிக்கிழமை விடியும்போது ஹிசனோவின் கதவைத் தட்டும் சத்தம். தோகாஷி நின்றிருந்தார். பையை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தார்.

"இன்னைக்குத்தானே?"

"இன்னைக்குத்தான் ஐயா. இருங்க, என்னுதையும் எடுத்துட்டு வரேன்."