சின்னபொண்ணு அடிக்கச் சொன்ன வரி

அது ஆவணி மாதம், இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. திண்டிவனம் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே, பத்திரம் எழுதுகிற சவுரிராயன் கடைக்குச் சின்னபொண்ணு தாம்பாளத்தோடு வந்தாள். வெற்றிலை, பழம், மஞ்சள், குங்குமம். பன்னிரண்டு வருஷம் வாடகை வீட்டில் கிடந்தவளுக்கு அன்றைக்குச் சொந்த வீடு வாங்குகிற அக்ரிமெண்ட். அட்வான்ஸ் மூன்று லட்சம், ஒலக்கூரில் அம்மா எழுதிவைத்த, வேர்க்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லையை விற்ற காசு. மிச்சத்துக்கு பேங்க் லோன். அவளுக்கென்று இருந்த மண் அவ்வளவுதான், தாயீங்களா.

சவுரிராயன் முதல் நகலாக எழுதியதை வாசித்துக்கொண்டே வந்தார்.

"மூணு மாசத்துக்குள்ள மிச்சத்தக் கட்டி கிரையம் பண்ணிக்கணும். தவறினா அட்வான்ஸ் திரும்பாது. ஆனா, பேங்க்ல லோன் கிடைக்காமப் போனா..."

"ஐயோ, நிறுத்துங்க சாரு!" சின்னபொண்ணு பதறிவிட்டாள். "நல்ல காரியத்துல இன்னா வார்த்த இது? எங்க தங்கச்சி நிச்சயத்துல மாமன் இப்பிடித்தான், மழ வந்துட்டா இன்னா பண்றதுன்னு ஆரம்பிச்சாரு. பந்தலே சாஞ்சிப் போச்சு."

"மாமன் வாய அடைக்கலாம்மா. பேங்க் வாய அடைக்க முடியுமா? முழுசாக் கேளு."

வீட்டை விற்கிற சக்கரபாணிகூட, "இருந்துட்டுப் போவட்டும், எனக்கொண்ணும் இல்ல" என்றார்.

அவள் கேட்கவில்லை. அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற அவள் புருஷன் பச்சைமுத்து, "பேங்க் மேனேஜரே பாத்துக்கலாம்னாருங்க, அடிச்சிடுங்க" என்றான். சவுரிராயன் அந்த வரியின்மேல் கோடு போட்டு அடித்தார். அடித்த இடத்தில் சின்னபொண்ணே மஞ்சளைக் குழைத்து வைத்தாள். அந்த வரி இல்லாமலே பத்திரம் எழுதிக் கையெழுத்தானது.

அடுத்த மாதமே அந்த மேனேஜர் விழுப்புரத்துக்கு மாற்றலாகிப் போனார். புதியவர் சம்பளச் சீட்டு கேட்டார். மூட்டை தூக்குகிறவனுக்கு ஏது சீட்டு? பழையவரைத் தேடி இரண்டு தடவை விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார்கள். "இப்ப என் கையில இல்லம்மா" என்றார். லோன் வராமலே கார்த்திகையில் கெடு முடிந்தது.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கப் போனபோது சக்கரபாணி தலையைக் குனிந்துகொண்டார். "நான் அன்னைக்கே இருக்கட்டும்னேம்மா. கெடு முடிஞ்சிச்சேன்னு பொண்ணு கல்யாணத்துக்குக் குடுத்துட்டேன். இனிமே நான் எங்க போவேன்?"

அங்கிருந்து புருஷனோடு நேரே சவுரிராயன் கடைக்குத்தான் வந்தாள்.

"அந்த வரிய இப்ப எழுதக் கூடாதா சாரு?"

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சேம்மா."

"சரி. அன்னைக்கிப் பாதியில நிறுத்திட்டேன். மீதியப் படிங்க."

அவர் பழைய தாள் கட்டைப் பிரித்து, மஞ்சள் அப்பிய நகல் தாளை எடுத்தார். பச்சைமுத்து எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான்.

"லோன் கிடைக்காமப் போனா, அட்வான்ஸ் மூணு லட்சத்தையும் பதினஞ்சு நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கணும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

சின்னபொண்ணு மஞ்சளை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். காய்ந்து ஒட்டியிருந்தது. தாள்தான் கிழிந்தது.

"நல்ல வார்த்தையாத்தான் எழுதியிருந்தீங்க சாரு" என்றாள்.