எவர்சில்வரில் வைரம்

வைரம் வீட்டுக்கு வந்தால் உடனே காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. சாமி அலமாரியில் இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும். கெட்டது ஏதும் நடந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வில்லியனூர் கடைவீதியில் பாத்திரக்கடை நடத்தும் சேதுராமன் மனைவியின் தோட்டை அப்படிப் பார்த்துத்தான் வாங்கினார். ஆனால் வரப்போகும் மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தை எப்படிப் பார்ப்பது?

பாகூர் ராமச்சந்திரன் நிச்சயதார்த்தத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். பாரிஸில் இருக்கும் அக்கா புருஷன் கொடுத்ததாம். முகப்பைச் சுற்றி வைரக்கற்கள். சபை கல்லைப் பார்த்தது. சேதுராமன் தொட்டுப் பார்த்தது பட்டையை. நாளெல்லாம் தட்டையும் தூக்குவாளியையும் தொடுகிற விரல்களுக்குச் சந்தேகமே இல்லை. எவர்சில்வர்தான்.

வைரத்தைப் போய் யாராவது எவர்சில்வரில் பதிப்பார்களா? கல் போலியென்றால் சம்பந்தி வீட்டார் ஏமாற்றுக்காரர்கள். நிஜமென்றால் புத்தி சரியில்லாதவர்கள். எது தேவலை என்று அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டு வழக்கம் என்று சொல்லிக் கடிகாரத்தைக் கேட்டார். ராமச்சந்திரனுக்கு விளங்கவில்லை. அவர் மகள் கமலவேணியைப் பிடித்திருந்தது, கழற்றிக் கொடுத்துவிட்டான். சேதுராமன் நேராக ஆசாரியிடம் போனார். ஆசாரி கண்ணாடி வைத்துப் பார்த்து, அத்தனையும் அசல் என்றார். இரும்பில் கிடந்து வீணாவானேன், பிரித்துத் தங்கத்தில் பதித்துத் தரட்டுமா என்றும் கேட்டார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்தவர் பொருள்.

வெள்ளிக்கிழமை சாமி அலமாரியில் வைத்தார். ஞாயிறு காலை பார்த்தால் கடிகாரம் நின்றிருந்தது.

சாவி கொடுத்துப் பார்க்கலாமென்று திருகினார். திருகு பாட்டில் மூடியைப் போல் கழன்றுகொண்டே வந்தது. பயந்துபோய்த் திரும்ப முறுக்கி வைத்தார். கல்லில் தோஷமா? இல்லை, இரும்பு சனிக்கு உரியது, அதன் வேலையா? அப்படிச் சொன்னால் ஊரில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தான் விற்ற சீர்ப் பாத்திரங்களை என்ன சொல்வது? எப்படி யோசித்தாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றது: மாப்பிள்ளையின் நேரம் நம் வீட்டில் நின்றுவிட்டது.

கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று பாகூருக்குச் சொல்லி அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. அதற்கு முன் வந்த மூன்று வரன்களையும் வேண்டாமென்ற கமலவேணி, இவனுக்குத்தான் தலையாட்டியிருந்தாள். தள்ளிப்போடுவது என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

செவ்வாயன்று ராமச்சந்திரன் வந்தான். கூடவே அரியாங்குப்பம் ஏகநாதன். பழைய கடிகாரங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். கல் போலி என்று சந்தேகப்படுகிறார்கள் என நினைத்து, சாட்சிக்கு அவரைக் கூட்டி வந்திருந்தான்.

உட்கார்ந்ததுமே ஏகநாதன் ஆரம்பித்துவிட்டார். கடலில் முங்குபவன்கூடக் கட்டிக்கொள்ளலாம், தண்ணீர் புகாமலிருக்கத் திருகையே மூடி போல் முறுக்கி வைத்திருப்பான், அவ்வளவு முரட்டுக் கடிகாரம். அதில் கம்பெனிக்காரனே வைரம் பதித்திருக்கிறான். இப்படி அதிகம் செய்யவில்லை. சேர்க்கிறவர்கள் அதற்காகத்தான் அலைகிறார்கள்.

"தங்கத்துல இருந்தா இன்னும் ஒசத்தியா?" என்று கேட்டார் சேதுராமன்.

"தங்கத்துல எவன் வேணா போடுவான். தங்கமா இருந்தா நான் ஸ்கூட்டரையே எடுத்திருக்க மாட்டேன். கல்லுல யாரும் கை வைக்கலியே?"

ஆசாரியை நினைத்ததும் சேதுராமனுக்கு வியர்த்தது. இல்லை என்று தலையசைத்தார். பிறகு மெல்ல, "கல்லைப் பத்தி இல்ல மாப்பிள்ள. எங்க வூட்டுல அது நின்னுபோச்சு," என்றார்.

"என் கையில ஒரு நாளும் நின்னதில்லியே மாமா." ராமச்சந்திரன் குழம்பிப்போய் ஏகநாதனைப் பார்த்தான்.

சேதுராமன் எழுந்து சாமி அலமாரியைத் திறந்தார். கடிகாரம் இல்லை.

கமலவேணி உள்ளிருந்து வந்தாள். கடிகாரம் அவள் முழங்கைக்குக் கீழே ஏறி நின்றது. நேரம் தப்பு. ஆனால் விநாடி முள் ஓடிக்கொண்டிருந்தது.

"நேத்தும் கட்டிப் பார்த்தேம்பா. கையில ஓடுது. அலமாரியில வெச்சா நின்னுடுது. இன்னான்னு எனக்கும் புரியல."

ஏகநாதன் சிரித்துவிட்டார். சாவியே தேவையில்லை, கை ஆடுகிற ஆட்டத்தில்தான் அது ஓடும், அலமாரி ஆடுமா என்றார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ராமச்சந்திரன் மட்டும் மாமனாரையே பார்த்தான். "கடியாரம் நின்னதுக்கா கல்யாணத்த நிறுத்துனீங்க? எங்க வூட்டுல அம்மா மூணு நாளா அழுவுறாங்க."

சேதுராமனுக்கு வைரம் நல்லதா, இரும்பு கெட்டதா, தான் சோதித்தது எதை என்று இப்போது எதுவுமே நிச்சயமாகத் தெரியவில்லை. தப்புதான் மாப்பிள்ளை என்று முணுமுணுத்தார்.

கமலவேணி கடிகாரத்தைக் கழற்றி ராமச்சந்திரனிடம் நீட்டினாள். "வேணாம்னு போறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எங்கப்பா மாதிரி ஆள் விட்டுச் சொல்லாதீங்க."

அவன் வாங்கிக் கட்டிக்கொண்டான். நேரத்தைச் சரிசெய்து தரச் சொல்லி ஏகநாதனிடம் கையை நீட்டினான். அவர் கைக்குழந்தையைத் தொடுவதுபோலத் திருகைத் தொட்டார்.

"பத்திரிகை அடிக்கக் குடுத்துடுங்க மாமா," என்றான். பிறகு கமலவேணியைப் பார்த்து, "கல்யாணம் ஏன் நின்னுச்சுன்னு எங்கம்மாகிட்ட மட்டும் நீதான் வந்து சொல்லணும். எனக்குச் சொல்லத் தெரியாது," என்றான்.