மரங்களுக்குக் கீழே இருந்த ரோடு

கனடாவிலிருந்து வந்த அட்டைப்பெட்டியில், மகள் அக்ஷயாவின் துணிமணிகளுக்கு அடியில் அந்த ஓவியம் இருந்தது. இலையுதிர் காலத்து மரங்கள். பாலுசாமி அப்படியொரு சிவப்பை எந்த மரத்திலும் பார்த்ததில்லை. அன்னூர்ப் பக்கம் இலை கொட்டினால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். மரங்களுக்குக் கீழே மழையில் நனைந்த ரோடு ஒன்று வளைந்து போனது. அடி மூலையில் மகளின் பெயரும் தேதியும். அவள் விபத்தில் இறப்பதற்கு ஆறு நாள் முந்தைய தேதி.

“கூடத்துல மாட்டோணுமுங்க” என்றாள் அவர் மனைவி கோமளா. மூன்று மாதத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது.

பெட்டியை அனுப்பிய ரூபினா, மகளோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவள். பெட்டி வந்து சேர்ந்ததை அவளுக்குச் சொல்லப் பாலுசாமி தோட்டத்திலிருந்து போன் செய்தார்.

“அந்தப் படத்த அனுப்ப வேண்டாம்னுதான் நெனச்சேன் அங்கிள். அவ தெனமும் நடந்து வர்ற ரோடு அது. அந்த வளைவுலதான் லாரி...”



மறுநாள் படத்தைச் சுருட்டிக்கொண்டு கோவை உக்கடத்துக்குப் பஸ் ஏறினார். பிரேம் கடை சிக்கந்தர் படத்தை விரித்து நெடுநேரம் பார்த்தார்.

“ரோட்டை வெட்டி எடுத்துருங்க” என்றார் பாலுசாமி.

“வெட்டுனா மறுபடி ஒட்ட முடியாதுங்க. அட்டை வெச்சு மறைச்சுத் தாரேன். ஆனா மூலையில இருக்கற பாப்பா பேரும் அதுக்குள்ள போயிருமுங்க.”

பாலுசாமி கடை வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். “போகட்டுங்க.”

சாயங்காலம் கோமளா காகிதத்தைப் பிரித்தாள். வெள்ளை அட்டைக்கு மேலே சிவப்பு மரங்கள் மட்டும் நின்றன.

“ரோடு எங்கீங்க?”

“பிரேமுக்கு அளவு பத்தலையாம்.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். “உங்களுக்கும் சொல்லிப்போட்டாளா ரூபினா?”

“உனக்கெப்படித் தெரியும்?” என்றார் பாலுசாமி.

“எங்கிட்ட பெட்டி வர்றதுக்கு முன்னாலயே சொன்னாளுங்க. கண்ணை மூடுனா அந்த எடம் என்னென்னமோ மாதிரி தெரியுது. அது எப்படி இருக்கும்னு பாக்கோணும்னுதான் மாட்டச் சொன்னேன். உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு இருந்தேன்.”

படத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். அட்டை கழன்றுவிடாமல் பின்புறம் ஒட்டியிருந்த பழுப்பு டேப்பின் நுனியை நகத்தால் நெம்பினாள். பாலுசாமி அருகில் உட்கார்ந்து அவள் கைமேல் கை வைத்தார். தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. டேப் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்துகொண்டு வந்தது.