உப்புத் தொட்டியில் ஒரு நாள்

பச்சையம்மாள் சாக்கை அவிழ்த்து என் முன்னால் கொட்டினாள். விதைநெல். ஒன்றுகூட முளைக்கவில்லை. ஒரு மணியை எடுத்து நகத்தால் அழுத்தினேன். ஊறவே இல்லை, கல் மாதிரி இருந்தது.

"ஒரு நாள் பூரா தண்ணில போட்டு எடுத்துத்தாங்க சாக்குல கட்டி வெச்சேன்" என்றாள்.

"எந்தத் தண்ணி?"

"அன்னிக்கி ஊரக் கூட்டி, தொட்டி வெச்சு நீங்க காட்டுன உப்புத் தண்ணிதாங்க."

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. விவசாய இலாகாவில் சேர்ந்து, ரிஷிவந்தியம் பக்கத்து ஊர்களில் நான்கு வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருக்கிறேன். உப்புத் தண்ணீர் பதரைப் பிரிக்க மட்டும்தான். முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து நெல்லைக் கொட்டினால் பதர் மேலே வரும், நல்ல விதை அடியில் தங்கும். பத்து நிமிட வேலை. அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவி, பிறகுதான் ஊறப்போட வேண்டும். இவள் அந்த உப்புத் தண்ணீரிலேயே ஒரு பகலும் ஒரு இரவும் விட்டு வைத்திருக்கிறாள்.

"ஏம்மா, உப்புத் தண்ணில நெல்லு எப்படிம்மா ஊறும்? உப்பு எந்தப் பக்கம் ஜாஸ்தியோ அந்தப் பக்கந்தான் தண்ணி போவும். இங்க வெளியிலதான் ஜாஸ்தி. அப்புறம் தோலத் தாண்டி உள்ள எப்படி வரும்? உள்ள இருக்கிறது வெளிய போவாம இருந்தா சரி!"

"உப்புல போட்ட மாங்கா தண்ணி வுட்டு சுருங்குதே, அந்த மாதிரிங்களா?"

"அதேதான்!"

"அது தெரியுங்களே. வருசா வருசம் போடறனே. நெல்லுக்கும் அதுதான்னு யாருங்க சொன்னா?"

அவள் கணவன் வீரமுத்து தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். இருபது வருடம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட குடும்பம். முதல் முறையாக நிலத்துக்காரர் அரங்கநாதன் ஒரு ஏக்கர் குத்தகைக்கு விட்டிருந்தார். திங்கட்கிழமை மோட்டார் தண்ணீர் இவர்கள் முறை. அன்றைக்கு நாற்று விடவில்லையென்றால் நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும். இன்றைக்கு வெள்ளி. அவர்களிடம் வேறு விதை இல்லை.

"கழுவணும்னு சொன்னேனே, காது எங்கம்மா போச்சு?"

"சொல்லலிங்க." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "முட்ட மெதந்திச்சு. போட்டா புடிச்சாங்க. பெரிய ஆபீசருக்கு திருக்கோவிலூர்ல மீட்டிங்குன்னு சொல்லிக்கினே ஜீப்புல ஏறிட்டீங்க. நெல்லு தொட்டியிலயே கெடந்திச்சு. நானும் வூட்ல அப்பிடியே வுட்டேன்."

அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

பேண்ட்டை மடித்துக்கொண்டு நானே வேலையில் இறங்கினேன். நெல்லை அலசி அலசி, ஒரு மணியை வாயில் போட்டு உப்புக் கரிக்கிறதா என்று பார்த்து, மறுபடியும் அலசினேன். உப்பும் கொஞ்சம் கொஞ்சமாக நெல்லுக்குள் இறங்கியிருக்கும். எவ்வளவு இறங்கியது, எத்தனை முளை செத்தது என்று எந்த ஆபீசராலும் சொல்ல முடியாது. என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. நல்ல தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு அன்றைக்கு வேறு எந்த ஊருக்கும் போகவில்லை.

மறுநாள் காலை நெல் பருத்திருந்தது. சாக்கில் கட்டினோம். திங்கட்கிழமை அவிழ்த்தபோது ஏறக்குறைய பாதி மணிகளில் வெள்ளை முனை தெரிந்தது. மீதி அப்படியே கிடந்தது.

வரப்பில் நின்று பார்த்த அரங்கநாதன், "அர ஏக்கருக்குத்தான் நாத்து வரும். மீதிய வேற ஆளு ஓட்டிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடி, தப்பு என்னுடையது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நிற்கவில்லை.

திரும்பி வந்தபோது பச்சையம்மாள் சேற்றில் குனிந்து முளைவிதையைத் தூவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு மற்றவர்கள் நினைவு வந்தது. அன்றைக்குத் தொட்டியைச் சுற்றி நாற்பது பேராவது நின்றிருப்பார்கள்.

"ஏம்மா, மத்தவங்க நெல்லும் இப்படித்தான் ஆயிடுச்சா?"

"அவங்களுது நல்லா மொளச்சிருக்குதுங்க" என்றாள் நிமிராமலே. "அவங்க யாரும் உப்புல போடல. ஜீப்பு அந்தாண்ட போனதும் சிரிச்சிட்டு வூட்டுக்குப் போயிட்டாங்க. உங்க பேச்சக் கேட்டது நான் ஒருத்திதாங்க."