தளவாய் விழுந்த வண்டி

தளவாய் குடிப்பதை விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அறுபத்து நாலாம் வருஷம், மழைக்காலம் முடிந்த சமயத்தில் அவன் மோட்டார் சைக்கிளோடு சயான் ரோட்டில் விழுந்தபோது தாராவியில் யாருக்கும் வேறு காரணம் தோன்றவில்லை. காய்ந்த சாலை, நல்ல வெளிச்சம், எதிரே வண்டி எதுவும் வரவில்லை. "தாரு அடிச்சிருப்பான்" என்றார்கள்.

வண்டி மன்சூர் அலியுடையது. தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். பைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோகப் புதிதாக வாங்கியது. பட்டறையில் ஓட்டத் தெரிந்தவன் தளவாய் மட்டும்தான். கை முறிந்து அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் போய்ப் பார்த்தார். பேசுகிற சாக்கில் அவன் வாயருகே குனிந்தார். வாடை எதுவும் இல்லை. இருந்தும், "கை கூடினதும் தோல் அறுக்கிற வேலையப் பாரு. இனி வண்டிய நீ தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

தளவாய் மனைவி செண்பகவல்லியிடம் சொன்னான்: "ஹாண்டில் திரும்புச்சிட்டி, சக்கரம் திரும்பல. அவ்வளவுதான் தெரியும்."

குடித்த காலத்தில் அவன் அவளிடம் சொல்லாத கதையா? அவனுடைய ரத்தக்கறைச் சட்டையைத் துவைக்க எடுத்தவள், முதலில் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். கட்டிலில் படுத்திருந்த அவன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மாவுக்கட்டு பிரித்துக் கொஞ்ச நாளில், வண்டி விற்ற மாட்டுங்கா கடையிலிருந்து வேங்கடசுப்ரமணியன் என்பவர் பட்டறைக்கு வந்தார்.

"ஸார், உங்க வண்டியை யாரும் ஓட்ட வேண்டாம். உங்களோடதோட சேர்ந்து வந்த வண்டிகள்ல, முன்சக்கரத்தைத் தாங்கற ஃபோர்க்ல வெல்டிங் சரியில்லை. ஓடிண்டிருக்கறப்பவே விட்டுடறது. செம்பூர்ல ஒருத்தர் விழுந்துட்டார். எல்லா வண்டியையும் திரும்ப வாங்கி, காசில்லாம சரிபண்ணிக் கொடுக்கச் சொல்லி கம்பெனி உத்தரவு."

"நம்ம காடி ஏற்கெனவே ஒடைஞ்சு கெடக்குங்க. ஓட்டினவன் கீழ போட்டுட்டான்" என்று மன்சூர் அலி அவரைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார்.

வேங்கடசுப்ரமணியன் குந்தி உட்கார்ந்து பார்த்தார். எழுந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "அதே இடம்தான் ஸார். விழுந்ததனால உடையலை, உடைஞ்சதனால விழுந்திருக்கார். அவர்... உயிரோட இருக்காரோன்னோ?"

மன்சூர் அலி அவர் கையைப் பிடித்து, "வாங்க. இத அவன் வீட்ல வந்து சொல்லுங்க" என்றார்.

ஒற்றை அறையில் நாலு பேர் நிற்க இடமில்லை. வேங்கடசுப்ரமணியன் வாசலில் நின்றே சொன்னார். சொல்லிவிட்டுக் கைகூப்பினார். தளவாய், "நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்றான், யாரையும் பார்க்காமல்.

"தப்பு எம்மேலதான். வண்டி சரியாகி வந்தா நீதாய்யா ஓட்டணும்" என்றார் மன்சூர் அலி.

அவர்கள் போனபின் செண்பகவல்லி அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "ஒங்க சட்டைய நான் மோந்து பாத்தேன்."

"தெரியும்."

"ஏட்டி, ஏன் இப்பிடிச் செய்யுதன்னு ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்லா?"

"எத்தன பொய் சொல்லியிருக்கேன் ஒங்கிட்ட. நீ எப்பிடி நம்புவ?" அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை அழவைத்தது.

புது ஃபோர்க் போட்டு வண்டி தயாரானதும் இருவரும் மாட்டுங்காவுக்குப் போனார்கள். அவனைத் தனியே அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. வேங்கடசுப்ரமணியன் தானே ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். தளவாய் ஏறி உட்கார்ந்து உதைத்துக் கிளப்பினான். ஆனால் பிடித்த கிளட்சை விட முடியவில்லை.

"தள்ளிட்டே போயிருவமா?" என்றான் மெதுவாக.

அவள் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அதற்கு முன் எந்த மோட்டார் சைக்கிளிலும் அவள் ஏறியதில்லை.

"ஏட்டி, பயமா இல்லையா?"

"இருக்கு. போங்க."

கிங் சர்க்கிளைச் சுற்றிச் சைக்கிள்காரர்கள் முந்திப் போகும் வேகத்தில் போனார்கள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தபோது அவள் அவன் தோளை இறுக்கிப் பிடித்தாள். அவன் இடது ஓரம் ஒதுங்கி, பஸ்ஸை விட்டுவிட்டு, மறுபடி சாலைக்கு ஏறினான்.

பட்டறை வாசலில் அவள் இறங்கி, எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் வேகமாக வீட்டைப் பார்க்க நடந்தாள். தளவாய் வண்டியை நிறுத்திவிட்டு, அன்றைக்கு ஏற்ற வேண்டிய பைகளை எடுக்க உள்ளே போனான்.