சூரியனின் நடுவில் ஒரு கடிகாரம்

எங்கள் கோளரங்கத்தின் புதிய படத்துக்கு உரை எழுதியவன் நான். விளம்பரத்தில் இருந்த பெயர் அத்தானுடையது. அவர் இயக்குநர், போதாததற்கு அக்காவைக் கட்டியவர். போய்க் கேட்டேன். "குடும்பத்துக்குள்ள என்ன மச்சான், உன் பேரு என் பேருன்னு?" என்று முதுகில் தட்டினார். எனக்கு முதுகெலும்பு ஏற்கெனவே கொஞ்சம் குறைவு. சிரித்துவிட்டு வந்தேன்.

பழிவாங்க அவரே வழி அமைத்துக் கொடுத்தார். ஈர்ப்பின் ஆழத்தில் காலம் மெதுவாக ஓடும். அதனால் சூரியனின் நடுப்பகுதி மேற்பரப்பைவிடப் பல்லாயிரம் ஆண்டு இளையது என்று எழுதியிருந்தேன். அத்தான் திருத்தினார்: நட்டநடுவில் எல்லாப் பக்கத்து இழுப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டிச் சூனியமாகிவிடுமாம், ஆகவே அங்கே கடிகாரம் வெளியில் போலவே ஓடுமாம். இழுப்பு சூனியம்தான். ஆனால் கடிகாரத்துக்குக் கணக்கு ஆழம். கிணற்றின் அடித்தரை சமமாக இருந்தால் நாம் மேலே வந்துவிட்டதாக ஆகுமா?

நான் வாயைத் திறக்கவில்லை. திறப்பு விழாவுக்கு வானியல் பேராசிரியர்கள் வருகிறார்கள்; கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள். அதுவரை நான் காட்டிய பணிவைப் பார்த்து, காய்ச்சலா என்று அத்தானே விசாரித்தார்.

விழா அன்று குவிமாடம் இருண்டது. தலைக்கு மேல் சூரியன் எழுந்தது. உரை தொடங்கியது. குரல் அக்காவுடையது! வீட்டிலேயே பேச வைத்துப் பதிந்திருக்கிறார் மனுஷன். பக்கத்து இருக்கையிலிருந்து அக்கா என் கையைப் பிடித்தாள். "உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லலடா. நல்லா படிச்சிருக்கேனா?"

தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

அந்த வரி வந்தது. முன்வரிசையில் சிரிப்பு. "யாரு இந்தம்மா? என்னத்தையோ உளறுது" என்றது ஒரு குரல். அக்காவின் கை என் கையிலிருந்து நழுவியது. இரண்டு வரிசை தள்ளி அமர்ந்திருந்த அத்தான் இருட்டில் இருமினாரே தவிர, இம்மென்று ஒரு சொல் இல்லை.

ஓடிப்போய்ப் படத்தை நிறுத்தச் சொல்லி, மைக்கைப் பிடுங்கினேன்.

"நடுவுல காலம் மெதுவாத்தான் ஓடும். தப்பான வரி இயக்குநரோடது. மத்த எல்லா வரியும் என்னோடது. எங்க அக்கா, கொடுத்ததைப் படிச்சாங்க, அவ்வளவுதான்."

விளக்கைப் போடச் சொன்னேன். அத்தான் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரிய வேண்டாமா?

அக்கா அவரிடம் போய்க் குனிந்து, "எந்திரிங்க" என்றாள். எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அப்படியொரு குளிர்ச்சி.

பிறகு அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தப்பென்று தெரிந்தும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவன் யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னை அவள் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன்.