கறுப்பு பீரும் விருத்தாசலத்தின் நாக்கும்

விருத்தாசலத்தின் நாக்கைப் பற்றித் தெரியாத குடிகாரன் திண்டிவனத்தில் கிடையாது. பிராந்தியில் தண்ணி கலந்திருந்தால் ஒரு சொட்டில் சொல்லிவிடுவான். பீர் வெயிலில் கிடந்ததா நிழலில் கிடந்ததா என்றுகூடச் சொல்வான். அந்த நாக்குக்காகத்தான் சீனுவாசன் முதலாளி தன் பிராந்திக் கடை குடோனில் அவனை வேலைக்கு வைத்தார். வைத்தாரா, அதோடு விட்டதா? ருசி பார்க்கிறேன் பேர்வழி என்று தினமும் தள்ளாடிக்கொண்டு வீட்டுக்குப் போனவனைப் பார்த்துச் சலித்துப்போய், அவன் பெண்சாதி குப்பம்மாள் விக்கிரவாண்டியில் தாய் வீட்டோடு போய்ச் சேர்ந்தாள்.

நாலு மாசம் கெஞ்சினான். கடைசியில் மயிலம் முருகன் சன்னதியில் கையில் கயிறு கட்டி, "நாப்பத்தெட்டு நாளு ஒரு சொட்டு தொண்டைக்குள்ள எறக்க மாட்டேன்" என்று சத்தியம் பண்ணின பிறகுதான் வந்தாள். வந்தவள் ஒன்றைத் தெளிவாகச் சொன்னாள். கயிறு அவிழ்ப்பதற்குள் ஒரு நாள் தப்பினாலும் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள், அப்புறம் காலில் விழுந்தாலும் வரமாட்டாள்.

இன்றைக்கு நாற்பத்தெட்டாவது நாள். ரெண்டு மணி பஸ்ஸில் மயிலம் போய்க் கயிற்றை அவிழ்க்க வேண்டும். குப்பம்மாளை பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொல்லியிருந்தான். மனுஷன் காலையிலிருந்து பெட்டி அடுக்கியபடி மணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதா அந்தப் பாழாய்ப்போன பாட்டில் வர வேண்டும்!

கொண்டுவந்தது இரும்பை ஊர்க்காரர் தேவசகாயம். ஆரோவில் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை. சொந்த ஊரிலிருந்து வந்ததென்று வெள்ளைக்காரர் ஆறு பாட்டில் கொடுத்தாராம். வருஷக்கணக்காக மரப் பீப்பாயில் போட்டு வைத்த பீராம். முதலாளி ஒரு பாட்டிலைத் திறந்து கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். பழைய இன்ஜின் ஆயில் மாதிரி கறுப்பாக, கெட்டியாக இறங்கியது.

"நாளைக்கு விழுப்புரத்துல புதுக்கடை தொறக்கிறேன். வர்ற பெரிய மனுசங்களுக்கு இதைத்தான் குடுக்கலாம்னு இருக்கேன். கெட்டுப்போச்சா, இல்ல இதுதான் இதோட பக்குவமா? நீ சொல்லு, விருத்தாசலம்."

"மொதலாளி, கையில கயிறு இருக்குது. இன்னைக்கு ஒரு நாளு..."

"யோவ், நாப்பத்தேழு நாளா நான் உன்னை ஏதாவது கேட்டனா? இப்ப மெட்ராசுலேர்ந்து ஆள வரவெக்கச் சொல்றியா? முடியாதுன்னா நாளைக்கு வராத. பெட்டி தூக்க ஊர்ல ஆளா இல்ல?"

சரியான பேஜாரு. குடித்தால் பெண்சாதி போய்விடுவாள். குடிக்காவிட்டால் வேலை போய்விடும். வேலை இல்லாத தண்டச்சோற்றுக்கு எவள் வந்து பொங்கிப் போடுவாள்? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். அப்போதுதான் அந்தக் கிறுக்குப் புத்தி வந்தது. சத்தியம் என்ன? தொண்டைக்குள் இறக்க மாட்டேன் என்பதுதானே? வாயில் வைத்துத் துப்பிவிட்டால் முருகனே கேட்க முடியாதே! முருகனை மடக்கிவிட்ட சந்தோஷத்தில் டம்ளரை எடுத்தான்.

ஒரு வாய். கண்ணை மூடினான். நாக்கு புரட்டியது, கன்னம் உப்பியது. உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், விழுங்கத்தான் தொண்டை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வாளியில் துப்பினான்.

"கெட்டுப்போகல மொதலாளி!" குரலே மாறிப்போயிருந்தது. "மொதல்ல கேப்பைக் களி அடிப்புடிச்சா சட்டியில ஒரு கருகல் ஒட்டிக்கினு இருக்குமே, அது. அப்பறம் காப்பிக்கொட்டை வறுக்கிற கசப்பு. கசக்குதேன்னு நெனைக்கிறதுக்குள்ள கருப்பட்டிப் பாகு வந்து மூடிக்குது. நாக்கோட ஓரத்துல பேரீச்சம்பழம். எல்லாம் அடங்கனதுக்கு அப்பறம் பாருங்க, மழையில நனைஞ்ச மரக்கடைக்குள்ள பூந்தா வருமே ஒரு வாசம், அது மெதுவா மூக்குல ஏறுது. ஐஸ்ல மட்டும் வெச்சிடாதீங்க, செத்துப்போவும். அவசரமில்லாம, பக்கத்துல குந்தி வளத்திருக்கான், இதைக் காச்சின மகராசன்!"

தேவசகாயம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். முதலாளி அவன் முதுகில் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே கடைப்பக்கம் போனார். விருத்தாசலம் திரும்பினான். குடோனின் பின்வாசலில் குப்பம்மாள் நின்றிருந்தாள், கையில் சோற்றுத் தூக்குச் சட்டியுடன். பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று தேடி வந்திருக்கிறாள்.

"குப்பு, நான் குடிக்கல. துப்பிட்டேன், வாளியைப் பாரு. தொண்டையில எறங்கவே இல்ல."

"பாத்துக்கினுதான் இருந்தேன். துப்பினதையும் பாத்தேன்."

அப்பாடா என்று அவனுக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"ஏழு வருசமா ஆக்கிப் போடறேன்யா. நல்லாருக்கு, நல்லால்லன்னு ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்துதா? துப்புற தண்ணிக்கு இத்தினி பேச்சு இருக்குது உன்னாண்ட." அழுகிற ஜாதி இல்லை அவள். தூக்கைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். கத்தரிக்காய்க் குழம்பு பிசைந்த சோறு. "துன்னு. துன்னுட்டு, இதையும் சொல்லு."

ஒரு கவளம் எடுத்தான். வாயெல்லாம் அந்தக் கறுப்புக் கசப்புதான் கிடந்தது. மென்றான், மென்றான், ஒன்றும் பிடிபடவில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏதாவது சொல்லியாக வேண்டும். இன்னொரு கவளத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு, "பேஷா இருக்குது குப்பு. உப்பு, ஒறப்பு எல்லாம் அளவா இருக்குது" என்றான்.

குப்பம்மாள் தூக்குக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுல உப்பே போடலய்யா. மயிலத்துல சாமி கும்பிட்டுட்டுத் துன்ன எனக்குன்னு கட்டின சோறு. நீ கயிறு கட்டின அன்னிக்கு நானும் வேண்டிக்கினேன். நாப்பத்தெட்டு நாளா உனக்குத் தனியா, எனக்கு உப்பில்லாம தனியா ஆக்கிக்கினு இருக்கேன். ஒரே வூட்லதான் இருந்தோம். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, என் தட்டுலேர்ந்து ஒரு வாய் எடுத்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

தூக்கை மூடினாள். தெருவில் இறங்கி, விக்கிரவாண்டி பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள். விருத்தாசலம் கூப்பிட வாயெடுத்தான். வாயில் இன்னும் சோறு இருந்தது.